ஒன்றுக்கு ஒன்று

இந்த நாற்காலிகள் சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தவை. முழங்கால் மேசையில் இடித்தால் காலைக் கொஞ்சம் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளுங்கள், டாக்டரம்மா. மகளின் வகுப்பு ஆசிரியரைப் பார்க்க வரும்போதெல்லாம் நான் அப்படித்தான் உட்காருவேன். ரொட்டிக்கடை அண்ணன் உயரமானவர். அவர் அந்தப் பொம்மைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தால் இன்னும் வசதியாக இருக்கும். மூடி பலமானதுதான்.

விசாரணைக் குழு என்று சொல்லி என்னை வரவழைத்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. குழந்தைகள் கால்பந்துச் சங்கம் என்றால் ஒழுங்கு வேண்டும், ஒழுங்கு என்றால் விசாரணையும் வேண்டும். நீங்கள் ஒவ்வொன்றாகத் துருவித் துருவிக் கேட்கத் தேவையில்லை. நானே சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்ததும் நீங்களே, இவன் இடத்தில் நாம் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம் என்பீர்கள்.

எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை இருப்பது உங்கள் இருவருக்கும் தெரியும். விளையாட்டில் எனக்குப் பெரிய நாட்டம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கால்பந்து அணியில் இருந்தேன், அவ்வளவுதான். பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போவதும் அணியில் இருப்பதுதான். ஆடக் கூப்பிடவில்லையே என்று நான் ஒருநாளும் ஏங்கியதில்லை. இதை யாரும் கேட்கவில்லை என்பது தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

எட்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களுக்கு முன்பு நடுவராக இருந்த தையல்காரர் எப்படி விலகினார் என்பது ஊருக்கே தெரியும். ஒரு தாய் குடையோடு அவரை மைதானத்தைச் சுற்றித் துரத்தினார். அவர் அப்படியே வாசல் வழியாக ஓடியவர்தான், விசிலைக்கூடத் திருப்பித் தர வரவில்லை. அன்று மாலையே என் அக்கா கடைக்கு வந்தாள். அவள் ஊதா அணியின் பயிற்சியாளர்.

"டேய், ஞாயித்துக்கிழமை சும்மாதானே மல்லாந்து கிடக்கற. வந்து விசில் ஊது" என்றாள்.

"எனக்கு என்னக்கா தெரியும்?"

"அந்தத் தையல்காரருக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? ஊதணும், கையை எந்தப் பக்கமாவது காட்டணும். அவ்வளவுதான்."

அக்கா சொல்லி நான் தட்டியதில்லை. வீட்டில் சொன்னபோது என் மனைவி கையிலிருந்த துணியை உதறிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பச்சை அணியின் பயிற்சியாளர் அவளுடைய தம்பி. "ஏங்க, ஒரு பக்கம் உங்க அக்கா, இன்னொரு பக்கம் என் தம்பி. நடுவுல நீங்க நின்னு என்ன ஆகப் போறீங்கன்னு யோசிச்சீங்களா?" என்றாள். யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். என் குற்றம் என்று ஏதாவது இருந்தால் அது இது ஒன்றுதான்.

எங்கள் மகள் பச்சை அணியின் கோல்கீப்பர். அவளுக்கு ஏழு வயது. அவளைத் தாண்டி எதுவும் லேசில் உள்ளே போகாது என்பதால் பிள்ளைகள் அவளைப் 'பூட்டு' என்று கூப்பிடுவார்கள். வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. சங்கம் கொடுத்த விதிப் புத்தகத்தை நான் படித்ததைவிட அவள் படித்ததுதான் அதிகம். தூங்கப் போகும்போது மற்றக் குழந்தைகள் கதை கேட்பார்கள், இவள் "அப்பா, கார்னர் கிக் வாசிங்க" என்பாள்.

முதல் ஆட்டத்தில் பச்சை தோற்றது. மச்சான் வழக்கம்போல எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டான். என் மனைவியும் அவனுக்கு மட்டும்தான் பரிமாறினாள். நான் சட்டியில் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை ஊதா தோற்றது. மறுநாள் காலை அக்கா வந்து, எங்களிடம் இரவல் வாங்கிய குக்கரை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மூடியைத் திருப்பித் தரவில்லை. அதில்தான் அவள் கோபம் எவ்வளவு என்று புரிந்தது.

கடையிலும் அதே கதைதான். அதுவரை என்னை மரியாதையாக 'சார்' என்றவர்கள், கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எம் பையன் போட்ட கோல் உங்க கண்ணுக்குத் தெரியல, நீங்க எனக்கு எழுத்தைக் காட்டி இது தெரியுதா அது தெரியுதான்னு கேக்கறீங்களா?" என்றார்கள். ஒரு அம்மா செய்யச் சொன்ன கண்ணாடியை வாங்கவே வரவில்லை. அதைத் துடைத்துத் துடைத்து எனக்குக் கை சலித்துப் போனது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் முயற்சி எதுவும் இல்லாமல், ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

டாக்டரம்மா, அந்தச் சாயங்காலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அக்கா மச்சானுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். மச்சான் அக்காவின் பந்துகளை வண்டி வரை தூக்கிக் கொடுத்தான். ஒரு குழந்தையும் அழவில்லை. என் மனைவி எனக்கு முதலில் பரிமாறினாள். குக்கர் மூடி வீடு திரும்பியது. சின்ன விஷயம்தான். ஆனால் நிம்மதி இவ்வளவு சுலபமானதா என்று எனக்கு வியப்பாக இருந்தது. உலகத்தில் எவ்வளவோ சண்டைகள், அவற்றுக்கெல்லாம் காரணம் யாரோ ஒருவர் ஒரு கோல் அதிகமாகப் போட்டதுதானே என்று தோன்றியது.

அதற்குப் பிறகு இந்தப் போட்டிப் பருவத்தில் எந்த ஆட்டத்திலும் யாரும் தோற்கவில்லை. அது தற்செயல் இல்லை. அதைத்தான் நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்கிறீர்கள். மறைக்கும் எண்ணம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலில் நேரத்தைத்தான் கொஞ்சம் தொட்டேன். ஆட்ட நேரத்துக்கு நடுவர்தான் அதிகாரி என்று விதியே சொல்கிறது. ஆகவே பின்தங்கிய அணி கோல் போடும்வரை நான் விசில் ஊதவில்லை. சில நாள் சீக்கிரம் முடிந்தது. சில நாள் தாமதமானது. ஒரு நாள், ஆட்டம் தொடங்கும்போது ஒரு பிள்ளைக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்த பல், ஆட்டம் முடிவதற்குள் தானாக விழுந்துவிட்டது. அந்தப் பல்லை நீங்கள்தான் பிடுங்குவதாக இருந்ததாம், டாக்டரம்மா. உங்களுக்கு வேலை மிச்சம். நடுவில் தூங்கிப்போன குழந்தைகளை நான் எழுப்பவில்லை, ஓரமாகத்தான் நகர்த்திப் படுக்க வைத்தேன். பெற்றோர்கள் வீட்டுக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

பிறகு கோல் கம்பங்கள். அவை சக்கரம் வைத்தவை, தள்ளினால் நகரும். வலையைச் சோதிப்பதுபோல் போய், வேண்டிய பக்கத்துக்குக் கொஞ்சம் திருப்பிவிடுவேன். ஒரு முறை கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டேன், கோல் வாய் தென்னண்டைச் சுவரைப் பார்த்து நின்றது. பிள்ளைகள் யாரும் குறை சொல்லவில்லை. சுற்றிக்கொண்டு போய் அடித்தார்கள். அந்த வயதில் வளைந்து கொடுக்கும் குணம் இருக்கிறது. நாம்தான் அதைக் கெடுத்துவிடுகிறோம்.

ஊதா அணியில் ஒரு பையன் இருக்கிறான், 'மின்னல்' என்பார்கள். பந்து அவன் காலுக்குப் போனால் கோல்தான். அவனைக் கூப்பிட்டு, ஷூ லேஸ் சரியாக இல்லை, கட்டிக்கொண்டு வா என்று ஓரத்துக்கு அனுப்புவேன். கட்டிக்கொண்டு வருவான். இன்னொரு முடிச்சு போடு என்பேன். போட்டுக்கொண்டு வருவான். இப்போது அவன் போடும் முடிச்சை அவன் அம்மாவாலேயே அவிழ்க்க முடிவதில்லையாம். ஷூவோடுதான் தூங்குகிறான் என்று கேள்விப்பட்டேன். ஒரு குழந்தைக்குக் கைத்திறமை வந்ததே என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். இதை நீங்கள் கேட்க மாட்டீர்கள், ஏனென்றால் உங்களுக்குத் தெரியாது.

ஓரத்தில் நின்று கத்துகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என் கடை வாடிக்கையாளர்கள். அவர்களுடைய கூச்சல் எல்லாமே தூரத்தில் நடப்பதைப் பார்ப்பதால் வருவது. பந்து கோட்டைத் தாண்டியதா, கையில் பட்டதா என்று. அது கண்ணுக்குத் தெரிவதால்தானே இரத்தம் கொதிக்கிறது? ஆகவே, கண்ணாடி மாற்ற வந்தவர்களுக்குத் தூரப் பார்வையில் பவரைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். பாதி மைதானம் வரை பளிச்சென்று தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் பஞ்சுமாதிரி. வண்டி ஓட்டுபவர்களுக்குச் செய்யவில்லை. எனக்கும் மனசாட்சி உண்டு.

பலன் உடனே தெரிந்தது. ஓரத்தில் சத்தம் அடங்கியது. ஆளாளுக்குப் புன்னகையோடு பொதுவாகக் கைதட்டினார்கள். ஒரு அப்பா ஆட்டம் முழுக்க வேறு யாருடைய பிள்ளையையோ தன் பிள்ளை என்று நினைத்து உற்சாகப்படுத்தி, முடிந்ததும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். அந்தப் பையனும் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

ரொட்டிக்கடை அண்ணன் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கிறார். ஆமாம் அண்ணே, உங்களுடையதும்தான். அதில் கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டேன் போல. நாளைக்குக் கடைக்கு வாங்க, சரி செய்து தருகிறேன். கொஞ்ச நாளாக ரொட்டி கருகுகிறது என்று ஊரில் பேச்சு. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இறுதி ஆட்டம்தான் மிச்சம். பச்சைக்கும் ஊதாவுக்கும். இங்கேதான் என்னைப் பற்றித் தவறான அபிப்பிராயம் பரவியிருக்கிறது. ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

முந்தைய நாளே வீட்டில் காற்று சரியில்லை. மச்சான் வந்து, "மச்சான், நாளைக்கு மட்டும் ஜெயிச்சுட்டோம்னா எனக்கு வேற எதுவுமே வேணாம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அக்கா போனில், "தம்பி, நாளைக்கு மட்டும்டா" என்றாள். இருவரும் நான் சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். நான் இருவருக்கும் சரி என்றுதான் சொன்னேன். சமமாக முடிந்தால் யாருக்கும் நான் பொய் சொன்னவனாக மாட்டேன்.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு விபத்து நடந்தது. ஊதாப் பையன் ஒருவன் வானத்தில் விமானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பந்து அவன் முதுகில் பட்டு அவன் கோலுக்குள்ளேயே போய்விட்டது. பச்சைக்கு ஒன்று. சரி, இன்னொரு பக்கம் ஒன்று விழுந்தால் கணக்குத் தீர்ந்தது என்று காத்திருந்தேன்.

விழவில்லை. பூட்டு அங்கே நின்றாள்.

மின்னல் அடித்ததைப் பிடித்தாள். நேரத்தை நீட்டினேன். அதையும் பிடித்தாள். கோலைத் திருப்பினேன், அவளும் கூடவே திரும்பி நின்றாள். பெனால்டி கொடுத்தேன். பச்சைப் பையன் ஒருவன் பந்தைப் பார்த்துத் தும்மியதற்காக. தடுத்தாள். இன்னொரு பெனால்டி, தும்மியவனுக்கு இன்னொருவன் 'நூறு வயசு' என்று சொன்னதற்காக. தடுத்தாள். கடைசியில் காரணம் ஒன்றும் தோன்றாமல் வெறுமனே விசில் ஊதிப் பெனால்டிப் புள்ளியைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு அதையும் தடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. பெருமைப்பட நேரம்தான் இல்லை.

வெயில் தாழ்ந்துவிட்டது. ஊதா அணியில் பாதிப் பேரை அவர்கள் அம்மாக்கள் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போய்விட்டார்கள். மின்னல் ஓரத்தில் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தான். அவனை நான்தான் பழக்கதோஷத்தில் அனுப்பிவிட்டேன், அது என் கவனக்குறைவு. பச்சை அணியில் ஒரு பாப்பா கோல் கம்பத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மண்ணில் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு ஓரத்தில் கையைப் பிசைந்தாள். மச்சான் இன்னொரு ஓரத்தில் இப்போதே வெற்றிச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டையும் பார்த்தேன். இனி என் வீட்டில் அந்தக் குக்கர் ஒருநாளும் முழுசாக இருக்கப் போவதில்லை என்று புரிந்தது.

அப்போது பந்து என்னிடம் வந்தது.

நான் அதைத் தேடிப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் வந்தது. உயரத்திலிருந்து இறங்கியது. யார் மேலாவது பட்டுவிடக் கூடாதே என்று நெஞ்சில் வாங்கினேன். எதிரே ஒரு பச்சைச் சட்டைப் பையன் நின்றான். அவன் காலை மிதித்துவிடக் கூடாதே என்று பந்தை அவன் கால்களுக்கு நடுவே தட்டிவிட்டு, நான் அவனைச் சுற்றிக்கொண்டு போனேன். அடுத்தவனையும் அப்படித்தான். புல் நனைந்திருந்தது. சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. பந்து ஒருமுறை மெத்தென்று எழும்பி, அடிக்க வேண்டிய உயரத்துக்கு வந்து, ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது. பூட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கு வலித்துவிடக் கூடாதே என்றுதான் மேலே அடித்தேன்.

சட்டையைக் கழற்றியது புழுக்கத்தால். முழங்காலில் சறுக்கிக்கொண்டு போனது தரை வழுக்கியதால். மூலைக் கொடிக்கு முத்தம் கொடுத்தேன் என்று சொல்கிறார்கள். சறுக்கி முடித்த இடத்தில் அது இருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்தின்போது சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை என்று விதி இருக்கிறது. ஆகவே எழுந்து நின்று எனக்கு நானே மஞ்சள் அட்டை காட்டிக்கொண்டேன். நடுவர் என்பதற்காக நான் எந்தச் சலுகையும் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஆட்டம் முடிந்தது என்று ஊதினேன். ஒன்றுக்கு ஒன்று.

முதலில் வந்தது என் மனைவி. "முதல்ல சட்டையைப் போடுங்க" என்றாள். அதற்குப் பின்னால் அக்கா. "டேய், ஏழு வயசுப் புள்ளைடா. அதுவும் நீ பெத்த புள்ளை." மச்சான் அவள் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா சொல்றதுதான் சரி. நீங்க மனுஷனா மச்சான்?" என்றான். அன்றிலிருந்து இருவரும் ஒரே வண்டியில்தான் போய் வருகிறார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னைத் திட்டுகிறார்கள். என் மனைவியும் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். குடும்பத்தில் இப்படி ஒரு ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை. இதைத்தானே நான் பருவம் முழுக்க விரும்பினேன்?

பூட்டு அழவில்லை. வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள்.

"அப்பா, பந்து ரெஃப்ரி மேல பட்டு கோலுக்குள்ள போனா கோல் இல்ல, டிராப் பால். பந்தைக் கீழ போட்டுத் திரும்ப ஆடணும். புத்தகத்துல இருக்கு."

"பட்டாத்தாம்மா. என் மேல பந்து படலை. நான் பந்தை அடிச்சேன். அது வேற, இது வேற."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்போ நீங்க ரெஃப்ரி இல்லையா? ப்ளேயரா?"

"அந்த நேரத்துக்கு மட்டும் அப்படி வெச்சுக்கலாம்."

"அப்போ நீங்க ஆஃப்சைடு" என்றாள்.

மறுநாள் பல் காட்ட வந்தவள் உங்களிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறாள், டாக்டரம்மா. வாயில் பஞ்சோடு சொன்னதால் சில விவரங்கள் உங்களுக்குத் தவறாகக் கேட்டிருக்கலாம். மற்றபடி குழந்தை பொய் சொல்லாது. நேரத்தை நீட்டியது நான்தான். கோல்களை நகர்த்தியது நான்தான். அவளுக்குத் தெரியாத கண்ணாடி விஷயமும் என் வேலைதான். ஒரு பருவம் முழுக்க எந்தக் குழந்தையையும் வெற்றி பெறவிடாமல் செய்ததும் நான்தான். கடைசி ஆட்டத்தில் என் சொந்த மகளுக்கு எதிராகக் கோல் போட்டதும் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். விசிலை இதோ மேசையில் வைத்துவிட்டேன். என்னை நீக்கிவிடுங்கள், ஆயுசுக்கும் மைதானத்துப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லுங்கள், கோப்பையைப் பச்சைக்கே கொடுங்கள். குடும்ப நிம்மதிக்காகச் செய்தேன், எனக்காக எதையும் செய்யவில்லை. ஆகவே எனக்கென்று எதுவும் கேட்கப் போவதில்லை.

ஆஃப்சைடு, அதாவது எதிரணி ஆட்களைத் தாண்டிப் போய்க் கோல் பக்கத்தில் நின்றேன் என்பதை மட்டும் ஏற்க முடியாது. முதலாவது, எட்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் அந்த விதியே கிடையாது. அப்படியே இருந்தாலும், மண்வீடு கட்டிக்கொண்டிருந்த அந்தப் பாப்பா என்னைவிடக் கோலுக்குப் பக்கத்தில் இருந்தாள். வேண்டுமானால் அவளைக் கூப்பிட்டு விசாரியுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தக் கோலுக்கு எதிரே 'ஊதா அணி' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். போட்டவர் பெயரை எழுதுவதுதான் முறை. பெரிய எழுத்தில் வேண்டாம், சாதாரணமாக எழுதினால் போதும்.

டாக்டரம்மா, நீங்கள் அன்றைக்கு நேரில் இருந்தீர்கள். உங்கள் கண்ணாடி என் கடையில் வாங்கியது இல்லை, ஆகவே எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும். பந்து வலையின் மேல் மூலையில் போய் விழுந்தது. அதுவும் இடது காலால். இவ்வளவு நாள் ஆகியும், அதைப் பற்றி இன்னும் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.